முதல் கார் வாங்குமுன் கார்த்திகையை நினையுங்கள்!

வீட்டில் கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டால் முதலில் கிளம்பும் பேச்சு எது? நிறம்தான்! பையனுக்குச் சிவப்பு வேண்டும், பெண்ணுக்கு வெள்ளை, மாமியாருக்கு அழுக்குத் தெரியாத சாம்பல் நிறம். அடுத்தபடியாக விலை, மாதத் தவணை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற விசாரணை. அப்புறம் நல்ல நாள் பார்ப்பது. ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ வண்டி வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

ஆசையில் தவறொன்றுமில்லை. ஆனால், சகோதரிகளே, காலண்டரைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அந்தப் பண்டிகைகளை ஒட்டி வருவது எது? ஐப்பசி அடைமழையும் கார்த்திகைப் புயலும்தான். வண்டி புதிது, ஓட்டுகிறவரும் பெரும்பாலும் கைக்குப் புதியவர். வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் சரியான பழக்கம் ஏற்படுவதற்குள் வருஷத்திலேயே மிகவும் கஷ்டமான இரண்டு மாதங்கள் வந்துவிடுகின்றன.

குளிர்காலத்துக்கு ஏற்ற கார் என்று மேல்நாட்டில் சொன்னால், உறைபனியில் வழுக்காத கார் என்று அர்த்தம். ஜெர்மனி போன்ற தேசங்களில் சாலையில் பனி உறைந்திருந்தால் அதற்கென்று செய்த டயர்களை மாட்டித்தான் வண்டி ஓட்டலாம் என்று சட்டமே இருக்கிறது. செங்கற்பட்டிலும் மாமல்லபுரத்திலும் பனிக்கட்டி ஏது? நமக்குக் குளிர்காலம் என்பது தண்ணீர், காற்று, மார்கழி மூடுபனி ஆகிய மூன்றும்தான். ஆகவே நம்முடைய முதல் காரை, சித்திரை வெயிலில் பளபளக்கும் ஷோரூமில் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது. கார்த்திகை மாதத்து இரவில், மழையில், பின்னிருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வருவதாக மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏரியும் கடலும் உள்ள ஊர்

செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த ஜில்லா. ஊரை ஒட்டியே கொளவாய் ஏரி. தெற்கே போனால் ‘ஏரி காத்த ராமர்’ கோயில் கொண்ட மதுராந்தகத்தில் பெரிய ஏரி. இவை தவிர எண்ணற்ற சிறு ஏரிகள், தாங்கல்கள். நல்ல மழை பெய்து ஏரிகள் நிரம்பிவிட்டால், உபரி நீர் தணிந்த சாலைகளின் குறுக்கேதான் வழி தேடும்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை சுமார் முப்பது கிலோமீட்டர்தான். கோடையில் அது சுகமான பிரயாணம். அடைமழையில் அதே சாலையில் எது பள்ளம், எது மேடு என்று தெரியாது. கடற்கரையை அடைந்ததும் தண்ணீரோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். முட்டுக்காட்டுப் பாலத்திலும், பாலாறு கடலில் கலக்கும் வாயலூர்ப் பக்கத்துப் பாலத்திலும் பக்கவாட்டில் வீசும் காற்று உயரமான வண்டிகளைத் தள்ளிப் பார்க்கும்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு ‘மாண்டஸ்’ புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் மழையின்போது பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பின் வளாகத்திலிருந்து கார்கள் காகிதக் கப்பல்கள் போல் மிதந்து போனதை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை முன்கூட்டியே மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பட்டறிவு என்பது இதுதான்!

முதலில் டயரைப் பாருங்கள்

கார் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அது சாலையைத் தொடும் இடம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலம். திருப்பமும் பிரேக்கும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் இருக்கின்றன. டயரில் வெட்டியிருக்கும் பள்ளக்கோடுகளை அழகுக்காக வைக்கவில்லை. சாலையில் நிற்கும் தண்ணீரை அவை வாரி வெளியே தள்ளுகின்றன. கோடுகள் தேய்ந்துவிட்டாலோ, வேகம் அதிகமானாலோ, தண்ணீரைத் தள்ள அவகாசம் போதாது. டயர் தண்ணீர்ப் படலத்தின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அந்த நிமிஷத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. காலை மெதுவாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே வழி.

புது டயரில் பள்ளத்தின் ஆழம் ஏழு, எட்டு மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரைச் சட்டமே அனுமதிப்பதில்லை. பள்ளக்கோட்டுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்கு அது மிகவும் கடைசி எல்லை. 3 மில்லிமீட்டர் ஆகும்போதே, ஐப்பசி பிறக்குமுன் மாற்றிவிடுவது விவேகம்.

வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். ‘2324’ என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அதிகம் ஓடாத பழைய காரில் டயர் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். ஆறு வயதான ரப்பரோ இறுகிப்போய்ப் பிடிப்பை இழந்திருக்கும். காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை டிரைவர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டே சொல்லும். மாதம் ஒரு முறையாவது, டயர் சூடேறாமல் இருக்கும்போது பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்!

நிற்கத் தெரிந்த வண்டி

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் பதினாறே முக்கால் மீட்டர் ஓடிவிடுகிறது. குறுக்கே மாடு வருகிறது என்று கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்குமுன்பே வண்டி 25 மீட்டர் போயாயிற்று! அதன்பின் ஈரச் சாலையில் நிற்பதற்கு, உலர்ந்த சாலையைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு தூரம் வேண்டும். முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை மழையில் இரட்டிப்பாக்க வேண்டியது இதனால்தான்.

பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். அதைத் தடுப்பதற்குத்தான் ஏ.பி.எஸ். என்ற ஏற்பாடு. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் இது கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்திய பழைய கார் வாங்குகிறவர்கள் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இருக்கும் வண்டியில் அவசரத்துக்குப் பிரேக் போடும்போது காலின்கீழ் பெடல் ‘கடகட’வென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். விடாமல் அழுத்திக்கொண்டே, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஒரு விஷயம்: கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டியிருக்கும் மணலின்மேல் ஏ.பி.எஸ்.ஸாலும் அதிசயம் செய்ய முடியாது. மணலைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இன்னொரு ஏற்பாடு ஈ.எஸ்.சி. என்பது. வண்டி திருப்பத்தில் பின்பக்கம் சறுக்க ஆரம்பித்தால், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேண்டும் என்று தானே கணக்கிட்டுப் போட்டு வண்டியை நேர்படுத்துகிறது. ஈரத்துக்கும் பக்கக் காற்றுக்கும் இதைப் போன்ற துணை வேறில்லை. கடைக்காரர் தாமாக இதைப் பற்றிப் பேச மாட்டார். சன்ரூஃபைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். கார்த்திகை மாதத்தில் கூரையைத் திறந்துவைத்து என்ன செய்யப் போகிறோம்? “ஈ.எஸ்.சி. எந்த மாடலிலிருந்து கிடைக்கிறது?” என்று நீங்களே கேளுங்கள்.

நட்சத்திரப் பொருத்தம்

கல்யாணத்துக்கு நட்சத்திரம் பார்க்கிறோம். காருக்கும் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பாரத் என்.கேப் என்ற அரசாங்கத் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பின்மேல் மோதவிடுகிறார்கள். பக்கவாட்டிலும் ஒரு முறை மோதுகிறார்கள். உள்ளே பெரியவர், குழந்தை அளவிலான பொம்மைகள் உட்கார்ந்திருக்கும். பொம்மைகளுக்கு எந்த இடத்தில் எவ்வளவு அடி என்று கருவிகள் கணக்குச் சொல்லும். பெரியவர்களுக்கு 32 மார்க், குழந்தைகளுக்கு 49 மார்க். அதை வைத்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். இந்த மாதிரி மோதல் சோதனைகள் செய்யும் நிலையம் ஒன்று நம் பக்கத்து ஒரகடத்திலேயே இருக்கிறது என்பது நமக்குப் பெருமைதான்.

2014-இல் குளோபல் என்.கேப் என்ற சர்வதேச நிறுவனம் இந்தியாவில் அதிகமாக விற்ற சில சிறு கார்களை முதன்முதலில் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத அந்த மாதிரிகள் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்புக் கார் ஆயிற்று. நான்கே வருஷத்தில் எத்தனை வித்தியாசம்! வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், செய்கிறவர்களும் செய்கிறார்கள்.

நட்சத்திரம் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதனை எந்த வருஷம் நடந்தது? குளோபல் என்.கேப் 2022-இல் விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. அதற்கு முந்திய ஐந்தும் பிந்திய ஐந்தும் சமம் அல்ல. நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கும் அந்த நட்சத்திரம் பொருந்துமா, அல்லது விலை கூடிய மாடலுக்கு மட்டுமா? குழந்தைகளுக்கு எத்தனை மார்க்? வீட்டில் சிறுசுகள் இருந்தால் மூன்றாவது கேள்வியே முதல் கேள்வி.

பின்னிருக்கையை மறக்காதீர்கள்

1960-களில் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் சீட் பெல்ட் என்பதே அபூர்வம். ஆனால் மூன்று முனைகளில் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியின் என்ஜினீயர் நீல்ஸ் பொலின் 1959-லேயே வடிவமைத்துவிட்டார். இத்தனை உயிர்காக்கும் பொருளுக்கு ஏகபோக உரிமை வேண்டாம் என்று அந்தக் கம்பெனி மற்றக் கம்பெனிகளும் உபயோகிக்க அனுமதித்தது.

இன்று முன்னிருக்கையில் எல்லோரும் பெல்ட் போடுகிறார்கள், அபராதத்துக்குப் பயந்தாவது! பின்னிருக்கையில்? “பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறோம்” என்ற அலட்சியம். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே விபத்தில் காலமானார். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார். முன்னிருக்கையில் இருந்த இருவரும் உயிர் தப்பினார்கள். பின்னிருக்கையில் இருந்த இருவரும் மாண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர்.

பின்னிருக்கையில் யார் உட்காருகிறார்கள்? பெரும்பாலும் நாமும், வயதானவர்களும், குழந்தைகளும்தான். ஆகவே ஷோரூமில் எல்லோரும் முன்னால் ஏறிப் பார்க்கும்போது நீங்கள் பின்னால் ஏறிப் பாருங்கள். நடுவில் உட்காருகிறவருக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா? தலைக்கு அணை இருக்கிறதா? பெல்ட் மாட்டும் கொக்கி இருக்கை உறைக்குள் புதைந்து கிடக்கிறதா? பெல்ட் போடாவிட்டால் பின்னிருக்கைக்கும் மணி அடிக்கிறதா? புடவையோடு பெல்ட்டைப் போட்டும் பாருங்கள். குறுக்குப் பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் வர வேண்டும். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றின்மேல் போடாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பின்மேல் படியும்படி போட்டுக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்று தாயுள்ளம் நினைக்கும். கணக்கு வேறு சொல்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தை இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரமாக முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைக்கான இருக்கையை வாங்கி, ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கியில் பின்னிருக்கையில் பூட்டுங்கள். ஒன்றேகால் வயது ஆகும் வரையிலாவது குழந்தை பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இருக்கையை ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது; ஏர்பேக் விரியும் வேகமே குழந்தைக்கு எமனாகிவிடும்.

ஓட்டுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உயரம் குறைந்தவர்கள் ஸ்டீயரிங்கோடு ஒட்டி உட்காருவது வழக்கம். மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இருக்கையின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் இந்தக் கஷ்டமில்லை.

கண்ணுக்குத் தெரிந்தால்தானே!

மழையில் பாதி விபத்து பார்வையில் இருக்கிறது. வைப்பர் ரப்பர் கோடை வெயிலில் விறைத்துப்போகும்; ஆகையால் மழைக்கு முன் மாற்றுங்கள். பின்கண்ணாடிக்கு வைப்பரும், ஆவியைப் போக்கும் மின்கம்பிகளும் உள்ள மாடல் விசேஷம். நான்கு பேர் ஈரத்தோடு ஏறினால் உட்பக்கம் கண்ணாடி மங்கிவிடும். துணியால் துடைத்துத் துடைத்துக் கையை ஓய்த்துக்கொள்ளாதீர்கள். ஏ.ஸி.யைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் ஏரிக்கரைச் சாலைகளில் மூடுபனி இறங்கும். அப்போது ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். தாழ்த்திய விளக்கும், கீழே பொருத்திய பனிவிளக்கும்தான் வழி காட்டும். நான்கு பக்கமும் மினுக்கும் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. அதனால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும். அந்த விளக்கு, ஓரமாக நிற்கும் வண்டிக்கு உரியது.

தண்ணீரில் இறங்கலாமா?

“எங்கள் வண்டி உயரமானது, எந்தத் தண்ணீரிலும் போகும்” என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வெறும் அண்டாவைக் குளத்தில் விட்டால் மிதக்கிறதல்லவா? கதவு மூடிய காரும் அப்படித்தான். நான்கு மீட்டர் நீளமுள்ள காரின் அடித்தளத்துக்குமேல் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால், ஏறக்குறைய அறுபது கிலோ பாரத்தைத் தூக்குகிறது. பதினைந்து சென்டிமீட்டர் ஏறினால் தொள்ளாயிரம் கிலோ. ஒரு சிறு காரின் எடையே அவ்வளவுதான். அடித்தளம் தரையிலிருந்து பதினேழு சென்டிமீட்டர் என்றால், ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறு கார் பிடிப்பை இழந்து மிதந்துவிடும். இரண்டடி என்றால் பெரிய வண்டிகளுக்கும் அந்தக் கதிதான்.

என்ஜினுக்கு வரும் அபாயம் வேறு. காற்றை இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இறங்கி, மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சரி. மின்சாரக் கார்களில் இந்தக் குழாய் இல்லை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி தாக்குப்பிடிக்கும் தரத்தில் பல கார்களின் பாட்டரியை மூடியிருக்கிறார்கள். ஆனால் அவையும் மிதக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிசி வெள்ளச் சேதத்துக்கு உதவாது. முழுப் பாலிசி எடுத்தாலும், தண்ணீரில் நின்ற என்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் வழக்கமாகப் பணம் கிடைப்பதில்லை. அதற்கென்று ‘என்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் ஷரத்து இருக்கிறது. ஏரிகளும் தாழ்வான தெருக்களும் நிறைந்த நம் ஊரில் அது வீண் செலவு ஆகாது.

தப்பித் தவறிக் கார் தண்ணீரில் மிதக்கத் தொடங்கினால்? கதவோடு போராட வேண்டாம். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பு, பிறகு நீ. டெலிபோன் பேசுவது அதற்கப்புறம். வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசையைப் பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். ஜன்னல் இயங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்கச் சிறு சுத்தியல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முன்கண்ணாடி ஒட்டுக் கண்ணாடியானதால் எளிதில் உடையாது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

முதல் கார் பழைய காராக இருப்பதில் அவமானமொன்றும் இல்லை. கை பழகுவதற்கு அதுவே நல்லது என்போரும் உண்டு. ஆனால் வெள்ளத்தில் முழுகி எழுந்த கார் துடைத்து மெருகிட்டு விற்பனைக்கு வரக்கூடும். அதைக் கண்டுபிடிக்கப் பெண்களின் மூக்கும் கண்ணும் போதும்! கதவைத் திறந்ததும் ஈரத் துணியின் நாற்றம் அடிக்கிறதா? அல்லது அதை மறைக்க ஒரேயடியாக வாசனை தெளித்திருக்கிறதா? தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் மண் இருக்கிறதா? சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஏதோ கோளாறை மறைக்கிறார்கள்.

கோவளம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால் அடிப்பாகத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்று பூச்சைத் தின்று இரும்பைத் தின்னும். பழைய இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளின் விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் எதற்கு முன்னால்?

கையிலிருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பது குடும்பம் நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? ஆகவே வரிசை முக்கியம். முதலில் உறுதியான கூடும் நட்சத்திரமும். அடுத்து ஈ.எஸ்.சி. பிறகு முன்னால் இரண்டோடு நிற்காமல் பக்கங்களையும் காக்கும் ஆறு ஏர்பேக்குகள். அதன்பின் நல்ல டயர், வைப்பர், விளக்கு, குழந்தை இருக்கை. இவ்வளவுக்கும் கொடுத்தபின் மீதி இருந்தால் பெரிய திரை, தோல் இருக்கை, சன்ரூஃப் எல்லாம் இருக்கட்டும். பெரிய வண்டியின் அடி மாடலைவிட, சின்ன வண்டியின் மேல் மாடலில் பாதுகாப்பு அதிகமாகக் கிடைப்பதும் உண்டு. அக்கம்பக்கத்தார் அளவைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பட்டியலைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது முடிந்தால் மழை நாளாகப் பார்த்து, மாலை மங்கியபின் போங்கள். வைப்பர் எவ்வளவு இடம் துடைக்கிறது, விளக்கு எவ்வளவு தூரம் எட்டுகிறது, தூண் மறைக்கிறதா, ஈர மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளுகிறதா என்பதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வண்டி வாங்கியாயிற்று. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. மாமல்லபுரத்தில் உறவினர் வீட்டு விசேஷம். வழியில் சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடுகிறது. மைல்கல் பாதி முழுகியிருக்கிறது. ஓட்டுகிறவர் தயங்குகிறார். அந்தச் சமயத்தில், “நேரமாகிவிட்டதே, முன்னால் ஒரு லாரி போயிற்றே” என்று யாரும் சொல்லக் கூடாது. “திரும்பிவிடலாம். நாளைக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம்” என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வர வேண்டும். அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.